கப்பல் ஏறாத உளுந்து: ஐந்து அப்பளக் கம்பெனிகளும் ஒரு கன்டெய்னரும்

மதுரையில் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு அடக்க விலைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. 2021-இல் என்னிடம் கணக்குக் கொடுத்துவந்த ஓர் அப்பளக் கம்பெனியும், அதோடு சேர்ந்த நான்கு கம்பெனிகளும், விருதுநகர்ப் பக்கத்துப் பருப்பு மில் ஒன்றும் எட்டு மாதம் பட்ட பாட்டை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. கொள்முதல் விலையை வெளியிட வேண்டாம் என்று மில்காரர் கேட்டுக்கொண்டதால் விலை வித்தியாசங்களை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

பின்னணி

மதுரையில் சிந்தாமணி, அனுப்பானடி, வில்லாபுரம் பக்கம் வெயில் காலத்தில் நடந்தால் மொட்டை மாடியெல்லாம் அப்பளம் காய்வதைப் பார்க்கலாம். அப்பளத்துக்கு உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், தண்ணீர் போதும். செலவில் பெரும்பங்கு உளுந்துக்குத்தான் போகும். அந்த உளுந்தில் ஒரு பெரிய பகுதி பர்மாவிலிருந்து வருகிறது. மியான்மர் என்று பெயர் மாறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மதுரைக் கடைவீதியான கீழமாசி வீதியில் அது இன்னும் 'பர்மா உளுந்து'தான். உள்ளூர்ச் சரக்கு 'நாட்டு உளுந்து'.

தெற்கு பர்மாவின் பகோ, ஐராவதி வட்டாரங்களில் நெல் அறுத்த வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்து விதைக்கிறார்கள். நம் தஞ்சை, திருவாரூர் வயல்களில் சம்பா அறுப்பையொட்டித் தையில் தெளிக்கும் தரிசு உளுந்தும் ஏறத்தாழ இதே முறைதான். வித்தியாசம் சாப்பாட்டில் இருக்கிறது. நாம் இட்லி, தோசை, வடை, அப்பளம் என்று தினமும் உளுந்தில் வாழ்கிறோம். பர்மாக்காரர்கள் தங்கள் ஊரில் 'மத்பே' என்று சொல்லும் இதை அதிகம் சாப்பிடுவதில்லை. விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்கு விற்கத்தான். வெளிநாட்டு உளுந்து வேண்டுமென்றால் அப்போது நமக்கும் பர்மாவை விட்டால் பெரிதாக வேறு இடம் இருக்கவில்லை.

இரண்டு நாடுகளின் கனமும் ஒன்றல்ல. நம்மிடமிருந்து மருந்து, நூல், இயந்திரம் போகிறது; அங்கிருந்து முக்கியமாகப் பருப்பு வகைகள் வருகின்றன. டெல்லியில் ஒரு அறிவிக்கை வந்தால் யாங்கோன் (பழைய ரங்கூன்) கிடங்கில் விலை சரியும். 2017 ஆகஸ்டில் உளுந்து இறக்குமதிக்கு இந்தியா அளவு வரம்பு போட்டபோது அங்கே சரக்கு தேங்கியது, விலை விழுந்தது. மில்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த 2017-ஐ வைத்து அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "அவனுக்கு நம்மள விட்டா வேற யாரு இருக்கா?"

எட்டு மாதமும் எடுத்த முடிவுகளில் பாதி இந்த நம்பிக்கையில் எடுத்தவை. அது பொய்யான நம்பிக்கை இல்லை. ஆனால் எத்தனை வாரத்துக்குள் அது உண்மையாகும் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

2020 டிசம்பர்: ஒரு கன்டெய்னருக்கு ஐந்து பங்கு

அப்போது உளுந்து இறக்குமதி கோட்டாவில் இருந்தது. அனுமதி மில்களுக்கு மட்டும். வருஷத்துக்கு இவ்வளவு டன் என்று மத்திய அரசு அறிவித்து விண்ணப்பித்த மில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அண்ணாச்சியின் மில்லுக்கும் சிறிய பங்கு ஒன்று கிடைத்திருந்தது. அவருக்குச் சரக்கு எடுக்க முதல் போதவில்லை. அப்பளக் கம்பெனிகளுக்கோ தரகர் மூலம் சில்லறையாக வாங்கி வாங்கி அலுத்துப்போயிருந்தது. மில் தன் பேரில் ஒரு கன்டெய்னர், அதாவது 24 டன் முழு உளுந்து இறக்கி, தோல் நீக்கிப் பருப்பாக ஐந்து கம்பெனிகளுக்கும் சமமாகக் கொடுப்பது என்று பேச்சானது. கழிவு போகப் பருப்பு பதினேழரை டன் தேறும். ஆளுக்கு மூன்றரை டன். அவர்கள் அளவுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஓடும்.

முன்பணம் ஆளுக்கு 65,000 ரூபாய். விற்பவர் யாங்கோன்காரர். பர்மா சரக்கில் வழக்கமாக நடப்பது போலக் காகிதம் சிங்கப்பூர் அலுவலகம் ஒன்றின் வழியாக, டாலரில். பிப்ரவரி நடுவில் கப்பல் ஏறும் என்று பேச்சு.

என் கணக்குக்காரரை இனி அக்கா என்றே குறிப்பிடுகிறேன்; எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கணவர் இறந்தபின் கம்பெனியைப் பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவர். ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று ஜனவரியில் அவரிடம் கேட்டேன். மில்லுக்கும் சிங்கப்பூருக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து கம்பெனிகளுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியும், முன்பணம் வரவு என்று எழுதிய துண்டுச் சீட்டும்தான். "அண்ணாச்சிகிட்ட போய்ப் பத்திரம் கேட்க முடியுமா தம்பி?" என்றார். கேட்டிருக்க வேண்டும் என்று நானும் அப்போது அழுத்திச் சொல்லவில்லை.

பிப்ரவரி 1-க்குப் பிறகு

2021 பிப்ரவரி 1 அதிகாலை பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மதுரையில் அன்று மாலைதான் செய்தி கடைவீதிக்கு வந்தது. முதல் வாரம் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. ராணுவம் அங்கே புதிதா என்ற எண்ணம். அக்காவின் கம்பெனியில் அப்பளம் தேய்க்கிற ஒரு வயதான அம்மா மட்டும் வேறு மாதிரி பேசினார். அவருடைய அப்பா அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பியவர். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கையில் இருந்த நோட்டுக்கும் மதிப்பில்லாமல் போனதாம். "அங்க சிப்பாய் வந்தா முதல்ல பேங்க்தான் மூடும்" என்றார். சிரித்துவிட்டு விட்டோம்.

நடந்தது அதுதான். அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் வேலைக்குப் போக மறுத்து ஒத்துழையாமையில் இறங்கினார்கள். வங்கிக் கிளைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. திறந்தபோது பணம் எடுக்க உச்சவரம்பு வந்தது. லாரி ஓடவில்லை. துறைமுகத்திலும் சுங்கத்திலும் ஆள் இல்லை. பிப்ரவரி நடுவிலிருந்து இரவுகளில் இணையம் துண்டிக்கப்பட்டது. மார்ச் நடுவில் செல்போன் இணையமே நின்றது. யாங்கோன்காரரிடமிருந்து சிங்கப்பூருக்குச் செய்தி வந்து, அங்கிருந்து அண்ணாச்சிக்கு வந்து சேர நான்கு நாள் ஆனது.

எங்கள் 24 டன் யாங்கோனில் மூட்டை கட்டி, பூச்சி வராமலிருக்கப் புகை போட்டுத் தயாராக இருந்தது. தாவர நலச் சான்றும், சரக்கு எந்த நாட்டுடையது என்கிற மூலச் சான்றும் கையெழுத்தாகவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் தெருவில் போராட்டத்தில் இருந்தார்கள். அவை இல்லாமல் இங்கே சுங்கத்தில் எடுக்க முடியாது.

மறுபக்கம் எங்களுக்குப் புரியாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஜனவரியில் டாலருக்கு 1,330 கியாத் அளவில் இருந்த பர்மா நாணயம் கீழே போக ஆரம்பித்தது. அந்த செப்டம்பர் கடைசியில் ஒருகட்டத்தில் 3,000 வரை போனது. கையில் இருக்கும் நாணயம் நாளுக்கு நாள் தேயும்போது, வங்கியும் மூடிக் கிடக்கும்போது, கிடங்கு நிறைய உளுந்து வைத்திருப்பவன் அதை எதற்கு அவசரமாக விற்க வேண்டும்? அவனுக்கு உளுந்தே சேமிப்பு. வேறு ஆள் இல்லைதான். ஆனால் விற்றே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. இதை நான் புரிந்துகொண்டது ஏப்ரலில்.

மார்ச்: முதல் முடிவு

மார்ச் முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து மூன்று வழி சொன்னார்கள். காத்திருங்கள், அல்லது டன்னுக்கு 40 டாலர் கூடக் கொடுங்கள், முதலில் கிடைக்கிற கப்பலில் ஏற்றுகிறோம், அல்லது ரத்து செய்யுங்கள், முன்பணம் நிலைமை சீரானதும் திருப்பித் தருகிறோம். மூன்றாவதற்குத் தேதி கிடையாது.

மில்லில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் போயிருந்தேன். அண்ணாச்சி கூடுதலாகக் கொடுக்கலாம் என்றார். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது: கோட்டாச் சரக்கு கெடு தேதிக்குள் வந்து இறங்காவிட்டால் அனுமதி வீணாகும். அக்காவும் இன்னொருவரும் ரத்து செய்யலாம் என்றார்கள். மற்ற மூவர் அண்ணாச்சி பக்கம். கடைசியில் 40 டாலர் கொடுப்பது என்று முடிவு. 24 டன்னுக்கு 960 டாலர். அன்றைய மாற்றில் சுமார் 70,000 ரூபாய், ஆளுக்கு 14,000. அன்று காரணமாகச் சொன்னது: இங்கே உளுந்து விலை ஏறிக்கொண்டிருக்கிறது, வராமல் போவதைவிட 40 டாலர் மேல். அந்த வாரத்தின் விலையை வைத்துப் பார்த்தால் இது தப்பான கணக்கு இல்லை.

அக்கா அன்று செய்த இன்னொரு காரியம் கூட்டத்தில் பேசப்படவே இல்லை. திரும்பி வரும் வழியில் திருவாரூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவரைப் போனில் பிடித்து, பங்குனியில் வரும் புது நாட்டு உளுந்தில் இரண்டு டன் தனக்கு ஒதுக்கச் சொன்னார். அந்த வருஷம் ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் சம்பா சாய்ந்து, தரிசு உளுந்து விதைப்பும் தள்ளிப்போயிருந்தது. அதனால் சரக்கு சித்திரைக்கு வந்தது, விலையும் அதிகம்.

அந்த மாவு முதலில் கை கொடுக்கவில்லை. பர்மா உளுந்துக்குப் பழகிய அளவில் தண்ணீர் விட்டு இடித்தால் உருண்டை தளர்ந்து கட்டையில் ஒட்டியது. காய்ந்த அப்பளம் ஓரம் கீறியது. எண்ணெயில் போட்டால் நடுவில் சிவந்து ஓரம் வெந்தும் வேகாமலும் நின்றது. முதல் 80 கிலோ மாவில் பாதியை உடைந்த அப்பளமாகக் கிலோக் கணக்கில் விற்க வேண்டியதாயிற்று. புது உளுந்தில் ஈரம் அதிகம் என்று தேய்க்கிற பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். பருப்பை மூன்று நாள் வெயிலில் போட்டு அரைத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள். அப்போதும் முழுக்கச் சரியாகவில்லை. கையிருப்பில் இருந்த பழைய பர்மா மாவைப் பாதிக்குப் பாதி கலந்தபோதுதான் இழுவை வந்தது. இதற்கு மூன்று வாரம் ஆனது. பிரண்டைச் சாறு விட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. அப்பளம் வாங்கும் கேரளக்காரர்கள் அந்த ருசியை ஏற்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மற்ற நான்கு பேரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கன்டெய்னர் வந்துவிடும்போது எதற்கு இந்த வேலை என்று இருந்துவிட்டார்கள்.

மே: வந்த சரக்கும் வந்த அறிவிக்கையும்

ஏப்ரல் இரண்டாம் வாரம் கன்டெய்னர் ஏறியது. ஏப்ரல் கடைசியில் சென்னை வந்தது. மூலச் சான்று கூரியரில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மில்லின் வங்கிக்கு வர மேலும் பத்து நாள். அதுவரை கன்டெய்னர் சென்னையில் நின்றதற்குத் தாமதக் கட்டணம் 58,000 ரூபாய். மே 12 அன்று சுங்கத்தில் எடுத்தார்கள்.

மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. சரக்கு லாரிக்குத் தடையில்லை, உணவுப் பொருள் தயாரிக்கவும் அனுமதி இருந்தது. ஆனால் பஸ் இல்லை. ஐந்து கம்பெனிகளிலும் சேர்த்து நூற்றுக்குச் சற்று மேல் பெண்கள் வேலை செய்தார்கள். நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

மே 15 அன்று மத்திய அரசு துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதியைக் கோட்டாவிலிருந்து விடுவித்து, அக்டோபர் 31 வரை யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்று அறிவித்தது. மார்ச்சில்தான் அந்த நிதியாண்டுக்கு உளுந்து 4 லட்சம் டன் என்று கோட்டா அறிவித்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வரம்பே போனது. சந்தை உடனே இளகியது. எங்கள் சரக்கு கோட்டா என்ற தகுதியோடு துறைமுகத்தை விட்டு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பருப்பாக மதுரைக்கு வந்து சேர்ந்தபோது வெளியில் கிலோவுக்கு 4 ரூபாய் குறைவாகவே வாங்கலாம் என்ற நிலை.

அறிவிக்கை வந்த அன்று அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தார். "நான் அவனப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. நம்ம ஆளு என்ன செய்வான்னு நெனைக்கல." யாங்கோனை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட டெல்லியைப் பார்க்கவில்லை. பருப்பு விலை ஏறினால் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிடும், இங்கே விளைச்சல் வந்து விலை இறங்கினால் மூடும். இது ஒன்றும் ரகசியமில்லை. விலை ஏறுகிறது என்பதற்காக 40 டாலர் கூடக் கொடுத்தோம். அதே விலை ஏற்றம்தான் கதவையும் திறந்துவிட்டது.

ஜூலை: இருப்பு வரம்பு

ஜூன் கடைசியில், அரசு மட்டத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து வருஷத்துக்கு மியான்மரிலிருந்து தனியார் வழியாக வாங்க ஒப்பந்தமான செய்தி வந்தது. கடைவீதியில் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 2 அன்று பருப்பு வகைகளுக்கு, ஒருவர் எவ்வளவு சரக்கு கையில் வைத்திருக்கலாம் என்ற இருப்பு வரம்பு வந்தது. மில்களுக்கு மூன்று மாத உற்பத்தி அல்லது ஆண்டுத் திறனில் 25 சதவீதம், எது அதிகமோ அது. ஊரடங்கில் வேலை குறைந்ததால் ஐந்து கம்பெனிகளின் பருப்பில் இன்னும் ஒன்பது டன் மில் கிடங்கிலேயே இருந்தது. பணம் கட்டியாகிவிட்டது, ஆனால் கிடங்கும் கணக்கும் மில் பேரில். அவர் சொந்தச் சரக்கோடு சேர்த்தால் வரம்பைத் தாண்டும். ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எடுத்தார்கள். மூன்று பேர் ஆளுக்கு இரண்டு டன்னைத் தகரக் கூரை போட்ட அறைகளில் அடுக்கினார்கள். ஆடி வெயில். ஒரு கம்பெனியில் மூட்டைக்கடியில் பலகை போடாமல் நேராகத் தரையில் வைத்ததால் 600 கிலோ வண்டு பிடித்துப்போனது. ஜூலை 19 அன்று வரம்பைத் தளர்த்தினார்கள். மில்களுக்கு ஆறு மாத உற்பத்தி அல்லது பாதித் திறன் என்று ஆனது. அண்ணாச்சி கிடங்கிலேயே விட்டிருந்தால் தப்பியிருக்கும். அன்று அவருக்கு அது தெரிய வழியில்லை. நானாக இருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

என்ன ஆனது

அந்த வருஷம் திருவோணம் ஆகஸ்ட் 21. கேரளத்துக்கு அனுப்ப ஜூலை நடுவிலேயே அப்பளம் காய்ந்து கட்டாக இருக்க வேண்டும். அக்காவும் இன்னும் இருவரும் ஆர்டரை முடித்தார்கள். அக்காவிடம் நாட்டு உளுந்துக் கலவை மே தொடக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததால் வேலை முழுக்க நின்ற நாள் குறைவு. மற்ற இருவர் ஆர்டரை இழந்தார்கள். அதில் ஒருவர் ஐந்து வாரம் கம்பெனியை மூடியிருந்தார். இதில் எவ்வளவு உளுந்தால், எவ்வளவு ஊரடங்கால் என்று பிரித்துச் சொல்ல என் கணக்கில் வழியில்லை.

கன்டெய்னர்க் கணக்கு மட்டும் தெளிவு. கூடுதல் விலை 70,000, துறைமுகத்தில் 58,000, ஆக 1,28,000 ரூபாய். பதினேழரை டன் பருப்பில் கிலோவுக்கு 7 ரூபாய் 30 காசு. சந்தை இறக்கம் 4 ரூபாயையும் சேர்த்தால் அன்று கடையில் வாங்குவதைவிட கிலோவுக்கு 11 ரூபாய்க்கு மேல் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். வண்டு பிடித்தது தனி.

ஜனவரியில் நான் போட்டுக் கொடுத்த கணக்கில் இந்த வழியால் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம் என்று இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். சரக்கு தாமதமானால் என்ற ஒரு வரி அதில் இல்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது மூன்று கம்பெனிகள் மட்டும் சேர்ந்து வாங்குகின்றன. மில்லோடு ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கிறது. அதில் முக்கியமான வரி கப்பல் சீட்டின் தேதி: இன்ன தேதிக்குள் சரக்கு ஏறியதாகச் சீட்டு வராவிட்டால் முன்பணம் பதினைந்து நாளில் திரும்ப வேண்டும். இந்த வரிக்காக அண்ணாச்சி சிங்கப்பூர்க்காரரிடமும் இதே நிபந்தனையை வாங்க வேண்டியதாயிற்று. முதலில் முகம் சுளித்தார். பிறகு மற்ற கொள்முதல்களுக்கும் அதையே வைத்துக்கொண்டார். மில்லில் இருக்கும் பருப்பு யாருடையது என்பதும் மாதக் கடைசியில் எழுத்தில் வந்துவிடுகிறது.

பர்மா உளுந்து பாதிக்கு மேல் போகக்கூடாது என்று அக்கா வைத்துக்கொண்டார். மீதி பங்குனி, சித்திரையில் டெல்டா உளுந்து, காயவைத்து, உள்ளுறை போட்ட சாக்கில். ஒவ்வொரு புது லாட்டிலும் முதலில் ஐந்து கிலோ மாவு இடித்துப் பார்க்கிறார்கள். பார்த்துச் சொல்வது ரங்கூன் அப்பாவின் மகளான அந்த அம்மா.

நான் மாற்றிக்கொண்டது, இறக்குமதிச் சரக்குக் கணக்கு எதுவானாலும் இரண்டு தாளாகப் போடுகிறேன். இரண்டாவது தாள் சரக்கு அறுபது நாள் தாமதம், இங்கே விலை இறக்கம் என்ற நிலைக்கு. வெளிநாட்டு வணிகத் துறை அறிவிக்கைகளை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மறுபடி இருப்பு வரம்பு வந்தபோது மில்லில் எங்கள் சரக்கு அரை டன்தான் இருந்தது.

2024 ஜனவரியில், பருப்புக்கான பணத்தை டாலர் இல்லாமல் இந்திய வங்கி ஒன்றின் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கு வழியாக ரூபாயிலேயே கொடுக்க ஏற்பாடு வந்தது. தரகர் உற்சாகமாகப் பேசினார். அண்ணாச்சி இன்னும் அந்த வழியில் வாங்கவில்லை. சிங்கப்பூர்க்காரருக்கு டாலர்தான் வேண்டுமாம்.

பிரிந்துபோன இருவரில் ஒருவர், 14,000 கூடுதல் கொடுக்கத் தான் சம்மதிக்கவே இல்லை என்று இன்றும் சொல்கிறார். மார்ச் கூட்டத்தில் அவர் சம்மதித்ததை நான் பார்த்தேன். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தொகை மில்லின் பேரேட்டில் அவர் பற்றாக நிலுவையில் நிற்கிறது.